அவள் தூக்கிய கை

என் தங்கை மகளுக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிவிட்டது. பல் டாக்டரிடம் யாரோடு போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அப்பா வேண்டாம், அவர் ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வார். அம்மா வேண்டாம், அம்மா திட்டுவாள். "மாமாதான்" என்றாள். ஏன் மாமா என்று கேட்டதற்கு எட்டு வயதுக்குரிய நிதானத்தோடு பதில் சொன்னாள்: "மாமா சிரிக்க வெப்பாங்க."

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுக்கு வரும் பாராட்டுகள் பெரும்பாலும் அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றியவை. அதனால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். மைசூரில் எங்கள் தமிழர் சங்கத்து ஆண்டு மலரில் வருஷா வருஷம் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். அந்த மலரைப் படிக்கிறவர்கள் மூன்று வகை: அதில் எழுதியவர்கள், எழுதியவர்களின் மனைவிமார், அச்சுப்பிழை திருத்தியவர். இப்போது நாலாவதாக ஒரு வாசகி கிடைத்திருக்கிறாள், அதுவும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவள், என்று மகிழ்ந்து, நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு. சுவரில் யானை, மயில், பல் துலக்கும் முயல். வரிசையாக நாற்காலிகள். எங்களுக்கு வந்தவர் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த இளம்பெண் டாக்டர். கன்னடத்தில் பேசினார். நாங்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் தங்கிவிட்ட குடும்பம். எங்களுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. குழந்தைக்கோ தமிழைவிடக் கன்னடமே சரளம். அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

குழந்தையை மீன்தொட்டி பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், பல்லுக்குள்ள வேலை இருக்கு. மரத்துப்போக மருந்து போட்டாத்தான் செய்ய முடியும். நீங்க உள்ளே வரலாம். ஆனா ஊசிங்கற வார்த்தையைச் சொல்லாதீங்க."

"சரி."

"வலிக்காதுன்னும் சொல்லாதீங்க."

"அதுகூடவா? எல்லாரும் அதைத்தானே சொல்வாங்க?"

"அதனாலதான் சொல்லாதீங்கன்னு சொல்றேன். வலிக்காதுன்னு சொன்னா குழந்தைக்கு வலிங்கற சொல்தான் காதில விழும். அப்புறம் துளி வலிச்சாலும் நீங்க பொய் சொன்னவர் ஆயிடுவீங்க. எப்படி இருக்கும்னு நான் அவகிட்டச் சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்தில உக்காந்து பேசாம இருந்தாப் போதும்."

என்னைப் பேசாமல் இருக்கச் சொன்ன முதல் ஆள் அவர் இல்லை. ஆனால் இவ்வளவு மரியாதையாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். தலையாட்டினேன்.

பேசிக்கொண்டே இருந்தவர் ஒரு கையை மூடியே வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன். விரித்துக் காட்டினார். சின்ன மருந்துக் குப்பி. குளிர்ந்த மருந்து ஈறுக்குள் போனால் அதிகம் குத்துமாம், உடம்புச் சூட்டுக்கு வரட்டும் என்று உள்ளங்கையில் வைத்திருக்கிறாராம். வலியைப் பற்றி ஞானிகள் எழுதிய புத்தகங்கள் என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. வலியைத் தாங்குவது எப்படி, வலியைக் கடப்பது எப்படி, வலி என்பதே ஒரு தோற்றம்தான் என்பது எப்படி. குப்பியைக் கையில் வைத்துச் சூடாக்கு என்று அவர்களில் ஒருவர்கூட எழுதவில்லை.

குழந்தையை நாற்காலியில் ஏற்றினார். "மரி" என்று கூப்பிட்டார். இங்கே குழந்தைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதையும் முதலில் சொன்னார், பிறகு காட்டினார், அதன்பிறகுதான் செய்தார். காற்றடிக்கும் குழாயை அவள் நகத்தின்மேல் அடித்துக் காட்டினார். எச்சில் உறிஞ்சும் குழாயை அவள் கையில் கொடுத்து ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்ச வைத்தார். குழாய் கடைசிச் சொட்டுக்குச் சத்தம் போட்டதும் அவள் சிரித்தாள். நான் சிரிக்க வைக்காமலே சிரித்துவிட்டாளே என்று எனக்கு லேசாக வருத்தம்.

பிறகு அவளுடைய இடது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கை உன்னுது. நிறுத்தணும்னு தோணினா இதைத் தூக்கு. தூக்கினா நான் நிறுத்திடுவேன். காரணம் கேக்க மாட்டேன்."

"சும்மா தூக்கினா?"

"சும்மா தூக்கினாலும் நிறுத்துவேன்."

அவள் நம்பவில்லை. எட்டு வயதுக்குள் பெரியவர்கள் சொன்ன பல விஷயங்களைக் கேட்டு முடித்தவள். பஞ்சால் ஈறைத் துடைக்கும்போது கையைத் தூக்கினாள். டாக்டர் நிறுத்தினார். ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு ஒரு களிம்பைத் தடவும்போது தூக்கினாள். நிறுத்தினார். களிம்பு ஈறை மரக்க வைக்கக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றுமே நடக்காத அந்த நேரத்தில்கூட ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் செய்யாமல் நின்றிருந்த டாக்டர், "நிறுத்திட்டேன்" என்றார். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். எதிர் நாற்காலியில் இவள் வயதுப் பெண் ஒருத்தி அசையாமல் வாயைத் திறந்து படுத்திருந்தாள். அவளுடைய அம்மா எங்கள் பக்கம் திரும்பி, பாவம் என்பதுபோல ஒரு புன்னகை செய்தாள். அடம்பிடிக்கும் குழந்தையைக் கூட்டிவந்த ஆளுக்குக் கிடைக்கும் புன்னகை. இந்தக் கதையில் நடந்ததற்கெல்லாம் அந்தப் புன்னகைதான் காரணம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாளுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவளும் ஆச்சரியப்படுவாள்.

டாக்டர் கன்னத்தைப் பிடித்து மெல்லக் குலுக்கிக்கொண்டே, "வலது காலைத் தூக்கு மரி. இப்ப இடது கால். மறுபடி வலது" என்றார். கவனம் காலுக்குப் போனது. ஊசி அவள் மோவாய்க்குக் கீழேயே, அவள் கண்ணில் படாமல் வந்து வாய்க்குள் போனது. "அழுத்தற மாதிரி இருக்கும்" என்று சொன்னார். மருந்தை அவ்வளவு மெதுவாகச் செலுத்தினார். கால்கள் மாறி மாறி ஏறி இறங்கின. பாதி போயிருக்கும். கால்கள் நின்றன. இடது கை எழுந்தது.

நான் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்த கையைப் பிடித்துக் கீழே அமுக்கினேன். "ஆச்சு கண்ணு, ஆச்சு, ஆச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. அவளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். எங்கள் வீடுகளில் தாய்மாமனுக்கு உள்ள உத்தியோகம் அது. புதுத்துணி வாங்கி வருவான், மாலை போட்டுக்கொள்வான், குழந்தையைத் திமிறாமல் பிடித்துக்கொள்வான். ஆசாரி கம்பியைக் கொண்டுவரும்போது சுற்றி நிற்பவர்கள் எல்லாரும், "மாமா, கெட்டியாப் புடிங்க" என்பார்கள். பிடித்தேன். குழந்தை கதறியது, எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். ஆசாரியே, "இப்படிப் புடிச்சா வேலை சுளுவுங்க" என்றார். என் வாழ்நாளில் உடல் வலிமைக்காக எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ். அந்தக் கைதான் அன்றைக்கும் தானாகவே போய்ப் பிடித்திருக்க வேண்டும். இது விளக்கம்தான், சமாதானம் இல்லை.

டாக்டர் ஊசியை வெளியே எடுத்துவிட்டார். "சார், கையை விடுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. விட்டேன்.

குழந்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வாய் திறக்கவில்லை. டாக்டர் பேசிப் பார்த்தார், மயிலைக் காட்டினார், குழாயைக் கொடுத்தார். இடது கையைத் தொட்டு, "இது உன்னுதுதான் மரி" என்றார். அவள் அந்தக் கையை இழுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து டாக்டர் என்னிடம் சொன்னார்: "கை தூக்கினா நிறுத்துவேன்னு அவகிட்ட நான் சொல்லியிருந்தேன் சார். இப்ப நானும் பொய் சொன்னவளாயிட்டேன்." திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மருந்து எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை என்றால், ஆபரேஷன் தியேட்டரில் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும், விட்டுவைத்தால் சீழ் பரவும் என்றார்.

ஆட்டோவில் ஐஸ்கிரீம் வேணுமா என்றேன். "பேடா" என்றாள். வேண்டாம் என்பதை அவள் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வாள். பொம்மை வேணுமா? பேடா. மாமா ஒரு ஜோக் சொல்லட்டுமா? ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் தங்கை நின்றிருந்தாள். "ஆச்சுங்களாண்ணா?"

"எங்கே ஆச்சு? உன் மக வாயையே திறக்கல."

இது உண்மை. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

"டாக்டரம்மா விரல் தப்பிச்சதே பெரிய காரியம்" என்று சேர்த்தேன்.

தங்கை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் தப்பித்துவிட்டேன் என்று பட்டது. சிரிப்பு வந்த இடத்தில் விசாரணை வராது என்பதை நான் பள்ளிக்கூட நாளிலேயே கண்டுபிடித்துவிட்டேன். என் நகைச்சுவை உணர்வு என்று நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கண்டுபிடிப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. ஹனூரிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் இருந்தார். யாரோ, "பாப்பா பல்லு என்னாச்சு?" என்று கேட்டார்கள். நான் கேட்கப்படுவதற்காகவே காத்திருந்தேன்.

இரண்டு நாளில் கதை நன்றாக வளர்ந்திருந்தது. இப்போது அவள் டாக்டரின் விரலைக் கடித்தே விட்டாள். தட்டை உதைத்தாள், கத்தரி, கண்ணாடி எல்லாம் நாலு பக்கமும் பறந்தன. டாக்டர் அந்த யானைப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடினார். நான் நடுவில் நின்று சமாதானப் பேச்சு நடத்தினேன். ஒரு கதைக்கு யாராவது ஒருவர் தப்பு செய்தவராக இருக்க வேண்டும். என் கட்டுரைகளில் வழக்கமாக அது நான்தான். அது எனக்குப் பெருந்தன்மையானவன் என்ற பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. உண்மையாகவே தப்பு செய்த ஒரே முறை, அந்த இடத்தில் ஒரு குழந்தையை நிறுத்தினேன்.

மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. "மச்சான், போதுங், சோறு மூக்குல ஏறுது" என்றார். அவர் அண்ணன், "நம்ம ஊருக் காட்டுப் புலி இங்க வந்து பொறந்திருக்குதாட்டம்" என்றார். அதோடு அவளுக்குப் புலி என்று பெயராகிவிட்டது. "ஏ புலி, இன்னொரு அப்பளம் வேணுமா? கையக் கடிச்சுப் போடாத சாமி!"

அவள் சமையலறைக் கதவருகே தட்டோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். இல்லை, நான் அப்படிச் செய்யவில்லை என்று சொல்வாள் என ஒரு கணம் பயந்தேன். சொல்லவில்லை. நாற்காலியில் மூடியிருந்தாளே, அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டு முடித்தாள். நான் இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் கன்னம் லேசாக வீங்கியது. முழு மயக்கம் என்ற பேச்சு தங்கையை ஆட்டிவிட்டது. பச்சைக்குழந்தைக்கு முழு மயக்கமா என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குறித்த தேதியில் என்னோடு அவளும் கிளம்பினாள். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையையும் அரை நாள் லீவு போட வைத்திருந்தாள். நாலு பேருமாகப் போய்க் கல்லூரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை ஓரத்தில். அவளுக்கு அடுத்து அப்பா, அம்மா, பிறகு நான்.

தங்கை என் பக்கம் சாய்ந்து திட்டத்தைச் சொன்னாள்.

"அண்ணா, இன்னைக்கு விடக்கூடாதுங்ண்ணா. நீங்க கையப் புடிச்சுக்குங்க. காலு என் பொறுப்பு. இவரு தலையப் புடிச்சுக்கட்டும்."

"நான் கண்ண மூடிக்குவனே" என்றார் மாப்பிள்ளை.

"கண்ண மூடிட்டே புடிங்க. மயக்கம் குடுக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல. காது குத்துக்கு அண்ணன் புடிச்சாப்பல புடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும். கடிக்கற புள்ளைய வேற எப்புடித்தான் பண்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஞாயிற்றுக்கிழமை சொன்ன கதையை இவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிடவில்லை. நம்பியிருக்கிறார்கள். நம்பியதன் பலனாக, மூன்று பெரியவர்கள் ஒரு குழந்தையின் ஐந்து மூலையையும் பிடிக்கத் தயாராக வந்திருக்கிறோம். அவள் பெஞ்சின் ஓரத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"பிடிக்க வேண்டாம்மா" என்றேன்.

"பின்ன? அன்னைக்கு மாதிரி கடிச்சா?"

"அவ கடிக்கல."

"நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"தட்ட ஒதைச்சா?"

"உதைக்கவும் இல்ல."

"அப்புறம் எதுக்குண்ணா டாக்டரு திருப்பி அனுப்புச்சாங்க?"

ஒன்றிரண்டு நகைச்சுவை வாக்கியங்கள் வாய்வரை வந்தன. அவை எப்போதும் வரும், விக்கல் மாதிரி. விழுங்கிக்கொண்டு சொன்னேன். கை தூக்கினால் நிறுத்துவதாக டாக்டர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் தூக்கினாள். நான் பிடித்து அமுக்கிவிட்டேன். அதனால் வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு கையும்."

எங்கள் மூவரின் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. இந்த விஷயத்தைப் பற்றி அத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"மாமா ரெண்டு கையும் புடிச்சாங்க. இந்தக் கை ஃபர்ஸ்டு. அடுத்து இந்தக் கை. அப்புறம் டாக்டர்கிட்ட, 'சும்மாதான் தூக்கறா, நீங்க போடுங்க டாக்டர்' அப்படின்னாங்க."

என் குரலிலேயே சொன்னாள். அந்தக் கனிவான, எல்லாம் தெரிந்த, கொஞ்சம் சிரிப்புக் கலந்த குரல். நன்றாகவே செய்தாள்.

அவள் சொன்னது உண்மை. மேலே நான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கையைத்தான் பிடித்திருக்கிறேன். டாக்டரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தப்பை ஒப்புக்கொள்வதற்கென்றே உட்கார்ந்து எழுதும்போதும் அந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு கையைப் பிடித்தால் அது பழக்கதோஷம் என்று சொல்லலாம், காது குத்து, ஆசாரி என்று பக்கத்தை நிரப்பலாம். இரண்டாவது கையைத் தேடிப் பிடித்தவனுக்கும், அவள் சும்மா தூக்குகிறாள் என்று சாட்சி சொன்னவனுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அவள் சும்மா தூக்கவில்லை என்பது எனக்கு அந்த நொடியே தெரியும். கால்கள் நின்றதைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை குழந்தையின் தலையில் கை வைத்தார். "நானும் சேந்து சிரிச்சுப்போட்டனே கண்ணு" என்றார்.

தங்கை என்னைத் திட்டவில்லை. "ஒரு வாரமா இவளப் புலி புலின்னு கூப்புட்டிருக்கனே, அண்ணா" என்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பெஞ்சில் இருந்த இடம் கொஞ்சம் கூடியது போல இருந்தது. அவள் நகர்ந்தாளா, நான் நகர்ந்தேனா தெரியாது.

டாக்டர் வந்தார். குழந்தை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கன்னடத்தில் கேட்டாள்.

"கை தூக்கினா நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு நீ தூக்கின உடனே நான் நிறுத்தியிருக்கணும், முடியல. அதுக்கு முன்னாடியே உங்க மாமாவுக்கு நான் இன்னும் சரியாச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

அவர் தப்பு அதில் கடுகளவும் இல்லை. குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"மாமா உள்ள வந்தா?" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வரல கண்ணு, இங்கயே இருக்கேன்" என்றேன்.

"அப்ப யார் வரட்டும்?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பா. அப்பா கண்ண மூடிக்குவாங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

ஒரு குடும்பத்து ஆண்களைப் பற்றி இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டை நான் எங்கும் படித்ததில்லை. மாப்பிள்ளை முகம் வெளிறிப்போய் எழுந்து அவள் பின்னால் போனார்.

வெளியே நானும் தங்கையும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மற்ற குழந்தைகளின் சத்தம், குழாய் உறிஞ்சும் சத்தம், ஏதோ தட்டு விழுந்த சத்தம். அவள் வாயைத் திறந்திருக்கிறாளா என்பது மட்டும் தெரியவில்லை. தங்கை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். எழுந்து போய் எட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு தரம் தோன்றியது. போகவில்லை. நான் அந்த மாதத்தில் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

வெகுநேரம் கழித்து வந்தார்கள். முதலில் மாப்பிள்ளை, வியர்த்துப்போய். பின்னால் அவள், ஒரு பக்க உதடு தொங்க. பல்லுக்குள் வேலை முடிந்துவிட்டது. முழு மயக்கம் வேண்டியதில்லை. தங்கை அவளை வாரி எடுத்துக்கொண்டாள்.

"அழுதாளா?" என்று கேட்டாள்.

"அழுகல. கைய மட்டும் ஏழு தடவ தூக்குனா" என்றார் மாப்பிள்ளை.

"நீங்கதான் கண்ண மூடிட்டு இருந்தீங்களே, எப்புடித் தெரியும்?"

"தூக்கும்போதெல்லாம் டாக்டரு, 'நிறுத்திட்டேன் மரி'ன்னு சத்தமாச் சொன்னாங்க. நான் எண்ணிட்டு இருந்தேன். ஒருக்கா மருந்து போட்டுட்டு இருக்கறப்பவே தூக்குனா. வெளிய எடுத்துட்டு, நின்னு, மறுபடி அந்தக் களிம்பத் தடவி, இவ சரின்னு தலையாட்டுனதுக்கு அப்புறந்தான் போட்டாங்க."

மறுபடி தடவிக் காத்திருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிஷம். அன்றைக்கு நான் மிச்சப்படுத்த நினைத்தது அந்த ஐந்து நிமிஷத்தைத்தான்.

மரத்த உதட்டை அவள் தெரியாமல் கடித்துக்கொள்ளாதபடி இரண்டு மணி நேரம் யாராவது பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோவுக்காகப் படியில் நின்றபோது அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். குழந்தையிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. பெரியவர்களிடம் கேட்கும்போது நடுவில் ஒரு வேடிக்கையைச் செருகிவிடுவேன். அவர்கள் சிரித்ததும் மன்னித்ததாக வைத்துக்கொள்வேன். இங்கே அது செல்லாது.

"மாமா பண்ணது தப்பு கண்ணு. கையைப் பிடிச்சதும் தப்பு, எல்லார்கிட்டயும் உன்னைப் பத்திப் பொய் சொன்னதும் தப்பு."

அவள் தொங்கும் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லணும். பெரியப்பாகிட்டயும்."

"சொல்றேன்."

"சிரிக்க வெக்கக் கூடாது."

என் தொழிலை அவ்வளவு சரியாக யாரும் தடை செய்ததில்லை.

ஹனூர்க்காரர்கள் மறுபடி வருவதற்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும், உண்மையைப் போனில் சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்தேன். போனில் சொன்னால் முகம் தெரியாது. ஆனால் சாட்சிக்கு அவள் இருக்க மாட்டாள். காத்திருந்தேன். அதே கூடம், அதே இலை, அதே ஆட்கள். ரசத்துக்கு வந்தபோது பெரியப்பா, "என்ன புலி, பல்லு சரியாச்சா?" என்றார்.

"அவளை அப்படிக் கூப்பிட வேண்டாங்க" என்றேன். "அவ யாரையும் கடிக்கல. அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் பொய்."

அவர் சிரிக்கத் தயாரானார். நான் இப்படித்தான் கதையைத் தொடங்குவேன் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களும் சாப்பிடுவதைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டு, எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன ஏற்பாட்டைச் சொன்னேன். அவள் கையைத் தூக்கியதைச் சொன்னேன். இரண்டு கைகளையும் பிடித்ததையும், சும்மாதான் தூக்குகிறாள் என்று டாக்டரிடம் சொன்னதையும் சொன்னேன். ஐந்தாறு வாக்கியம்தான். அலங்காரம் இல்லாமல் சொன்னால் என் கதைகள் இவ்வளவு சின்னவை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்புறம்?" என்றார் பெரியப்பா.

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க. அவ்வளவுதான்."

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி இருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "புள்ளைக்கு எப்புடி வலிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்தார். தங்கை எனக்கு ரசம் ஊற்றினாள். குடித்தேன்.

குழந்தையைப் பார்த்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டாள், அது தெரிந்தது. சரியாகச் சொன்னேனா, ஏதாவது விட்டுவிட்டேனா என்று அவள் முகத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அந்தப் பல்லுக்கு மேல் உறை போட இன்னும் ஒரு முறை போக வேண்டும். அதற்கு ஊசி வேண்டியதில்லையாம். கை கழுவும்போது, அந்தத் தைரியத்தில், சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அடுத்த தடவை யார்கூடப் போறே கண்ணு?"

"அப்பா" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.